கூடைமேல் காய்ந்த கடல் கல்

வைகாசி விசாகத்துக்கு எங்கள் தெருக்காரர்களோடு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருந்தோம். அங்கே கடலில் குளிக்கும்போது என் வீட்டுக்காரியின் காலில் வந்து முட்டியதுதான் அந்தக் கல். நாய்க்குட்டி மூக்கால் முட்டுகிற மாதிரி கெண்டைக்காலில் முட்டியது என்று பிறகு ஊரெல்லாம் சொன்னாள். குனிந்து பார்த்தால், கருகிப்போன பணியாரம் போல ஒன்று அலைமேல் ஆடிக்கொண்டிருக்கிறது. சாம்பல் நிறம். மேலெல்லாம் பொத்தல். அதைத் தண்ணீருக்குள் அழுத்தினாள். மேலே வந்தது. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் வந்தது.

“ஏங்க, இங்கன வாங்க! கல்லு மிதக்குதுங்க!”

கரையில் அலை ஒதுக்கிய குப்பையில், அறுந்த வலைக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், இதே போலப் பொடிக் கற்கள் இன்னும் கொஞ்சம் கிடந்தன. சிப்பிமாலை விற்கிற அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “இது ராமர் பாலத்துக் கல்லு தாயி. எல்லார் காலுலயும் வந்து முட்டிராது. பத்திரமாக் கொண்டு போ” என்றாள். அவ்வளவுதான். என் வீட்டுக்காரி ஈரச் சேலையோடு கல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான் சும்மா இராமல், “முருகன் கோயிலுக்கு வந்துட்டு ராமர் கல்லை எடுக்கியே, அவரு கோவிச்சுக்கிட மாட்டாரா?” என்றேன்.

“பெருமாளுக்கு மருமகன்தான அவரு? மாமன் வீட்டுச் சாமான் மருமகன் வீட்டுல கெடக்குறது புதுசாக்கும்? பேசாம வாங்க.”

பெருமாள் கோயில் இருக்கிற ஊரில், திருத்தங்கலில், பிறந்து வளர்ந்தவளிடம் நான் என்ன பேச முடியும்?

வீட்டுக்கு வந்ததும் பித்தளை உருளியை விளக்கி, தண்ணீர் நிரப்பி, துளசி கிள்ளிப் போட்டு, கல்லை அதில் மிதக்கவிட்டாள். பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு பலகைமேல் அதற்கு இடம். தெருப் பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு விரலால் கல்லை அழுத்துவாள். அது மேலே வரும். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நானும் காலையில் திருநீறு பூசிவிட்டு ஒருதரம் அழுத்திப் பார்ப்பேன். பொய் சொல்லவில்லை, மனசுக்கு ஒரு தெம்பாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் எங்கள் ஒரே மகளுக்கு வளைகாப்புப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அதற்கு முந்தின வருஷம் அவளுக்கு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை. ஆனால் எங்கள் மாடி வீட்டுப் படி ஏறும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவாள். பிள்ளை அசையவில்லை என்று நினைத்துக்கொண்டால் போதும், முகம் சுண்டிப்போகும்.

அவளைத் தேற்றத்தான் அவள் அம்மா ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்தாள். உருளிப் பக்கம் உட்காரவைத்து, “பாரு தாயி, ஒரு கல்லையே சாமி தண்ணியில தாங்குதாரு. உன் பிள்ளையும் வயித்துக்குள்ள தண்ணியிலதான மிதக்குது? அதைத் தாங்க மாட்டாரா?” என்றாள்.

மகளுக்கு அது நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எழுந்ததும் முதல் வேலை உருளிப் பக்கம் போவதுதான். கல் மிதப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவாள். முகம் தெளிந்துவிடும். நாங்களும் நல்லதாயிற்று என்றுதான் இருந்தோம்.

கார்த்திகை பிறந்து அடைமழை பிடித்தது. நான் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். புஸ்வாணம் போடுகிற இடம் என் பொறுப்பு. தீபாவளி முடிந்து, மழையும் சேர்ந்துகொண்டதால் கம்பெனி மூடியிருந்தது. வீட்டில்தான் இருந்தேன். ஒரு காலையில் மகள் உருளிப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். பல் விளக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கல் உருளியின் அடியில் கிடந்தது. துளசி இலை மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்பா, முங்கிருச்சு” என்றாள்.

அவள் அம்மா ஓடிவந்தாள். “தண்ணி பழசாயிருக்கும்” என்று புதுத் தண்ணீர் மாற்றினாள். கல் நேரே அடிக்குப் போனது. “கடத்தண்ணியில கெடந்த கல்லு, உப்பில்லாம எப்படி இருக்கும்?” என்று கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டாள். நானும் கரண்டியை வைத்துக் கலக்கினேன். சமையலுக்கு உப்பு இல்லாமல் போனதுதான் மிச்சம், கல் அசையவில்லை. இன்னொருதரம் திருச்செந்தூர் போய் வேறு கல் பொறுக்கிவந்து, மகள் தூங்கும்போது மாற்றிவைத்துவிடலாமா என்று அடுப்படியில் வீட்டுக்காரி என் காதோடு கேட்டாள். “சாமி காரியத்துல டூப்ளிகேட்டா?” என்றேன். “எம் பிள்ளை சாப்பிடலையேங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மைதான். வைத்த இட்லி வைத்தபடியே இருந்தது. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். பிள்ளை நன்றாக இருக்கிறது, தண்ணீரும் சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். திரும்பி வந்து, மகள் மறுபடியும் உருளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். காலண்டர் சீசன் என்பதால் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டுக் கல்லை எடுத்துத் துடைத்து, கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, “அத்தை, தப்பா எடுத்துக்கிடாதீக. இதப் பத்தி நான் அப்பவே போன்ல தேடிப் படிச்சேன். நீங்க சந்தோசமா இருந்தீகளேன்னு சொல்லல” என்றார்.

“என்ன மாப்பிள்ளை?”

“எங்கயோ கிழக்க, கடலுக்கு அடியில ஒரு மலை வெடிச்சிருக்கும். உள்ள இருந்து நெருப்புக் குழம்பு பொங்கி வரும்போது காத்தையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இறுகிரும். அதான் இதுல இம்புட்டுப் பொத்தல். உள்ள காத்து இருக்கிறதால மிதக்கும். இதே மாதிரி கூட்டங்கூட்டமா கடல்ல மிதந்து, மாசக்கணக்கா அலைஞ்சு, எந்த ஊர்க் கரையிலயாவது போய் ஒதுங்குமாம்.”

வீட்டுக்காரியின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. “அப்ப ராமர் கல்லு இல்லைங்கீகளா?”

“மலையை வெடிக்க வச்சது யாரு, கல்லை உங்க காலுக்குத் தள்ளிவிட்டது யாருன்னு போன்ல போடல அத்தை” என்றார் மாப்பிள்ளை. கெட்டிக்காரர். வீட்டுக்காரியும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்கு அவர் சொன்னது சட்டென்று பிடிபட்டுவிட்டது. கடலுக்கு அடியில் சாமி பற்றவைத்த புஸ்வாணம். குபுகுபுவென்று மேலே பொங்கியிருக்கும். தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கிற வெடித்தாள் காற்றில் உருண்டு அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி, அங்கே வெடித்த கழிவு இங்கே வந்திருக்கிறது. இப்படிச் சொன்னதும் மாப்பிள்ளை, “கரெக்ட் மாமா” என்று சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மலைக்குப் பக்கத்துக் கரையிலும் குடியிருப்பவர்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் என்ன பாடுபட்டார்களோ? எங்கள் தொழிலில் வெடிச்சத்தம் என்றால் முதலில் ஆள் யாருக்கும் ஒன்றுமில்லையே என்றுதான் கேட்போம். வீட்டுக்காரியும் அதையேதான் நினைத்திருப்பாள் போல. எழுந்து போய் விளக்கில் இன்னொரு திரி போட்டு ஏற்றினாள். “முகம் தெரியாத மனுசங்க. நல்லாருக்கட்டும்” என்றாள்.

மகள் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது வாயைத் திறந்தாள். “அப்ப ஏன் முங்குச்சு?”

“நாம தண்ணியிலயே போட்டு வச்சோம்லா? பொத்தல் பொத்தலாத் தண்ணி ஏறிருச்சு. காத்து வெளிய போயிருச்சு. அம்புட்டுத்தான்” என்றார் மாப்பிள்ளை.

“காய்ஞ்சா?”

“காய்ஞ்சா மிதக்கும்னுதான் நினைக்கேன்.”

காயப்போடுவதா? சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு அதைச் சொல்லியா தரவேண்டும்? திரியையும் மத்தாப்பையும் வெயிலில் பரப்பியே வயிறு வளர்த்த ஊர். ஆனால் வெயிலுக்கு எங்கே போவது? வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. ஃபேனுக்கு அடியில் வைத்தோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஈரக்கனம் அப்படியே இருந்தது.

அன்று மாலையும் மாப்பிள்ளை வந்திருந்தார். வீட்டுக்காரி தூபக்காலில் கரி கங்குகளைப் போட்டுக்கொண்டு வந்தாள். தலைக்குக் குளித்தால் முடி காயவைக்கிற மூங்கில் கூடையை அதன்மேல் கவிழ்த்தாள். மீன் பொரிக்கிற அடுப்பில் சாமி கல்லை வைக்கக்கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. சாம்பிராணியைத் தூவிவிட்டுக் கல்லைக் கூடைமேல் வைக்கப் போனாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கத்தினேன்.

“ஏய்! தீக்கிட்ட கொண்டு போகாத! தள்ளி வை! எல்லாரும் வெளிய வாங்க!”

மாப்பிள்ளை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். வீட்டுக்காரியும் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மழைச்சாரலில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஏங்க, இது என்ன மருந்தா வெடிக்கிறதுக்கு?” என்றாள்.

“இது ஏற்கெனவே வெடிச்சது மாமா” என்றார் மாப்பிள்ளை.

காய்கிற சரக்குப் பக்கம் நெருப்பு வரக்கூடாது என்று காலமெல்லாம் கத்திக் கத்தி என் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. காது கேட்டதும் ஓடுவதற்கு என் குடும்பத்தின் காலும் பழகிவிட்டது. மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, “யப்பா, போதும்ப்பா, முடியலப்பா” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! உள்ளே வந்ததும் வீட்டுக்காரி கல்லைக் கூடைமேல் சாம்பிராணிப் புகையில் உட்காரவைத்தாள். அதைப் பார்த்ததும் இன்னொருதரம் சிரித்தாள்.

“யம்மா, இதுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினியா? மை வச்சு விடலையா? கண்ணு பட்டுரும்லா?”

“சிரிடி, சிரி. இட்லி வைக்கட்டா?”

“வையி. பசிக்குது.”

அதன்பிறகு தினமும் மாலையில் கல்லுக்கு சாம்பிராணிப் புகை. மகள்தான் திருப்பித் திருப்பி வைப்பாள். “இந்தப் பக்கம் இன்னும் ஈரமா இருக்குப்பா” என்று என் கையில் கொடுத்துக் காட்டுவாள். உருளி காலியாக இருந்தது. எழுந்ததும் நேரே பல் விளக்கத்தான் போனாள்.

ஒரு நாள் விடியற்காலையில் வலி கண்டது. ஆட்டோவுக்குப் போன் போட்டேன். பை, பிளாஸ்க், போர்வை எல்லாம் எடுத்தாயிற்று. கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்காரி உருளியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். “ஒரு நிமிசம் இரு தாயி. போட்டுப் பாத்துட்டுப் போயிருவோம். மிதக்குறதப் பாத்துட்டுப் போனா உனக்கு ஒரு தைரியமா இருக்கும்.”

மிதக்காவிட்டால்?

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு வலி போகும் வரைக்கும் பல்லைக் கடித்து நின்றாள். பிறகு, “வேண்டாம்மா. அது காயட்டும். மிதந்தா மிதக்கட்டும். முங்குனா திருப்பிக் காயப்போடு. நான் போய்ப் பெத்துட்டு வாரேன்” என்றாள். சொல்லிவிட்டு, படியில் எங்கும் நிற்காமல் தானே இறங்கிப் போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். நான் பூஜை அலமாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

பெண் பிள்ளை. அழுகிற அழுகை ஆஸ்பத்திரி வராண்டா வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை பிரஸ்ஸிலிருந்து அப்படியே ஓடி வந்தார், முழங்கையில் மை ஒட்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அழுதார், சிரித்தார். கடைசியில் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்.

“மாமா, கல்லு மிதந்துச்சா?”

“அத யாரு மாப்பிள்ளை பாத்தா?” என்றேன்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் மழை. கொடியெல்லாம் ஈரத்துணி. ஒன்று காய்வதற்குள் அடுத்ததை நனைத்துவிடுகிறாள் பேத்தி. வீட்டுக்காரி தூபக்காலில் கங்கு போட்டுக்கொண்டு வந்தவள், கூடையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“என்ன உக்காந்துட்டே இருக்கீக? அந்தக் கல்லை எடுங்க. பாப்பா துணி காயணும்.”