பழைய கியர் ஒயில்

"ராத்தா, அந்த ஒயிலத் தொடாதீங்க. பழசுதான் கியரப் புடிச்சிட்டு இரிக்கு. புதுசு ஊத்தினா வழுக்கும்" என்றார் லொறி திருத்தும் கராஜ் பாஸ்.

சுனாமியில் மௌத்தான என் கணவரின் லொறி அது. சண்டை முடிந்து பாதை திறந்துவிட்டது. நாளை என் தம்பி அரிசி மூட்டைகளோடு மஹியங்கனை மலைவளைவுகளில் அதை ஓட்ட வேண்டும்.

பாஸின் விரலில் ஒட்டியிருந்த ஒயில் கருகி மணத்தது.

சின்ன வயதில் வாப்பாவின் சாரத்திலும் இதே மணம்தான். உம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்தபடியே ஏசுவார். வாப்பா வாங்கிய பழைய லொறி சத்தமே போடாது. அதில் அவருக்குப் பெருமை. உம்மாவின் ஏச்சுத் தாங்காமல் ஒருநாள், கருகிய கியர் ஒயிலை மாற்றவென்று திறந்துவிட்டார். மரத்தூள் கட்டிகட்டியாக விழுந்தது. சத்தத்தை மறைக்க, விற்றவன் போட்டுவைத்தது.

"லொறிக்குப் பிட்டு அவிச்சுக் குடுத்திரிக்கான்!" என்று உம்மா சிரித்தார்.

புது ஒயில் ஊற்றியதும் லொறி தெருவுக்கே கேட்க உறுமியது.

"கத்தட்டும். இப்பதான் நோவு எங்கெண்டு தெரியுது" என்றார் வாப்பா. பல் தேய்ந்த கியரை மாற்றிய பிறகுதான் பயணம் போனார்.

"மாத்துங்க பாஸ்" என்றேன்.

"கியர் வழுக்கினா?"

"இஞ்ச வழுக்கட்டும். மலையில வேணாம்."