உச்சி வரியில் ஏறிய வளப்பூர் நாடு

குழந்தைவேல் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. மிளகு பறிக்க மரமேறும்போது ஏணியை அடுத்தவர் கட்டிவைத்தால், அவிழ்த்துத் தானே மறுபடி கட்டுவார். பேளுக்குறிச்சி சந்தையில் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மிளகைக் கொட்டுவார். பேத்தி பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எடை போட்ட நர்ஸிடமே, "இன்னொருக்கா வெய்யுங்க கண்ணு, புள்ள காலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றவர். மறுபடியும் அதே எடைதான் வந்தது. அப்போதும் பாதி மனசோடுதான் தலையாட்டினார். மீதி மனசு பேத்தியின் மூக்கில் இருந்தது. அது அப்படியே அவருடைய மூக்கு.

அந்தப் பேத்திக்கு இப்போது காதுகுத்து. அவர்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. குழந்தைவேல் பெரக்கரை நாட்டுக்காரர். மருமகள் கலைச்செல்வி பிறந்தது வளப்பூர் நாட்டில். இரண்டு பக்கத்துக்கும் அழைப்பு போக வேண்டும். அவருடைய சொந்தபந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. அழைப்பின் உச்சியில், அதை வாங்குகிறவருடைய நாட்டின் பேர் இருக்க வேண்டும். வேறு நாட்டின் பேர் இருந்தால், "இது எங்களுக்கு வெச்சதில்லீங்களே" என்று திருப்பி நீட்டிவிடுவார்கள். விசேஷத்துக்கும் வரமாட்டார்கள்.

அழைப்பை அடித்தவன் கலைச்செல்வியின் அண்ணன் கவின். காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவன். ஒரே ஃபைலில் இரண்டு பக்கம் அடித்தான், முதல் பக்கம் பெரக்கரைக்கு, அடுத்தது வளப்பூருக்கு. அதைச் செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பூங்குழலிக்கு அனுப்பிவிட்டான். மாதிரிப் பிரதியை வாங்கிப் பார்த்த குழந்தைவேலுக்கு முகம் கறுத்தது. இரண்டு பக்கத்தின் உச்சியிலும் வளப்பூர் நாடு!

"பாத்தியா கண்ணு, உங்கண்ணன் வேலைய? எம்பேத்தி காதுகுத்துக்கு எங்க நாட்டுப் பேரையே தூக்கிட்டான்."

"அண்ணன் அப்படிச் செய்யாதுங்க மாமா. ஏதோ தவறியிருக்கும்" என்றாள் கலைச்செல்வி.

"தவறுனா நடுவுல ஒரு எழுத்து தவறும். உச்சியில இருக்கற நாடா தவறும்? கல்யாணத்துலயே பந்தலை எங்க போடறதுன்னு மொறச்சுக்கிட்டு நின்னவந்தானே!"

போனைப் போட்டார். கவின் வாயைத் திறப்பதற்குள், "எங்க நாட்டுப் பேரு உனக்குக் கசக்குதுன்னா, மடி குடுக்க வேற ஆளைப் பாத்துக்கறோம் மாப்ளே" என்றார்.

 "சரிங்க மாமா" என்று அவன் வைத்துவிட்டான்.

கலைச்செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "தாய்மாமன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்த விடமாட்டேனுங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

குழந்தைவேல் பஸ் ஏறிச் செம்மேட்டுக்குப் போனார். கடைக்குள் நுழைந்ததுமே, "அந்த ஃபைலை எடு. யாரு கை வெச்சாங்கன்னு அதுல தெரியுமா?" என்றார்.

"ஏனுங்க, நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தீங்களா, ஜெராக்ஸ் கடைக்கு வந்தீங்களா?" என்று சிரித்தாள் பூங்குழலி.

திரையில் அழைப்பு வந்தது. குழந்தைவேல் கிட்டே போய்க் குனிந்தார். "உச்சி வரி மட்டும் ஏன் மங்கலா இருக்குது? எதையோ மறைக்கறாப்ல?"

"அது ஹெட்டருங்க. அடியில இருக்கறது ஃபுட்டர். நடுவுல எழுதறப்ப அது ரெண்டும் மங்கித்தான் தெரியும். மேல ரெண்டு தட்டுத் தட்டுனா முழிச்சுக்கும்."

தட்டினாள். வரி கறுத்து எழுந்தது. வளப்பூரை அழித்துவிட்டு, 'பெரக்கரை நாடு' என்று அடித்தாள். "போதுங்களா?"

"அடுத்த பக்கத்தையும் காட்டு."

நகர்த்தினாள். அங்கேயும் உச்சியில் பெரக்கரை நாடு.

"இதை எப்ப மாத்துன?"

"நான் மாத்தலீங்க."

"ஆமா, நானும் உன் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தப் பக்கத்துக்கு நீ வரவே இல்ல."

"அதானுங்க விஷயம். ரெண்டு பக்கத்து ஹெட்டரும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கெடக்குது. ஒண்ணுல எழுதுனா இன்னொண்ணுலயும் அதே ஏறிக்கும். அவரு மொதப் பக்கத்துல பெரக்கரைன்னு போட்டுட்டு, கீழ வந்து வளப்பூருன்னு போட்டிருப்பாரு. மேல மாறுனதைப் பாக்காம அனுப்பிட்டாரு."

குழந்தைவேல் திரையையே பார்த்தார். இரண்டு பக்கமும் தன் நாடு நிற்பது ஒரு நொடி இனிக்கத்தான் செய்தது. அப்புறம்தான் உறைத்தது. இது இப்படியே அச்சாகி வளப்பூருக்குப் போனால் என்ன சொல்வார்கள்? 'பாட்டனான திமிருல நம்ம நாட்டையே தூக்கிட்டான்' என்பார்கள். அவர் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

"உன் போனைக் குடு. என் நம்பர்னா எடுக்கமாட்டான்."

கவின் எடுத்தான். குரலைக் கேட்டதும், "மடிக்கு ஆள் கெடச்சுதுங்களா மாமா?" என்றான்.

"செம்மேட்டுக்கு வா மாப்ளே. இப்ப ரெண்டு பக்கமும் எங்க நாடாயிருச்சு. சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை. நீ வந்து பாரு."

கவின் பைக்கில் வந்து சேர்ந்தான். அவன் பார்க்கும்படியே பூங்குழலி கோத்திருந்ததை அறுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் நாட்டைப் போட்டாள்.

"வாங்கறவங்க பேரை இனி ஆளாளுக்கு உக்காந்து அடிப்பீங்க. அந்த எடத்தை மட்டும் திறந்து வெச்சுட்டு, மேலயும் கீழயும் யாரும் மாத்த முடியாம பூட்டிரட்டுங்களா? ஒரு பாஸ்வேர்டு வேணும்."

"நீ போட்டா உனக்குத் தெரிஞ்சுருமே" என்றார் குழந்தைவேல்.

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"சொன்னா நீ கேட்டுருவியே!"

பூங்குழலி தலையில் கை வைத்துக்கொண்டாள். குழந்தைவேல் கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலியைக் கவின் பக்கம் தள்ளினார். "நீ போடு மாப்ளே. எனக்குச் சொல்ல வேண்டாம்."

கவின் அவரை நிமிர்ந்து பார்த்தான். "நான் மறுபடியும் மாத்திட்டேன்னா?"

"உன் மடியில எம்பேத்தி உக்காந்திருப்பா. அப்ப மாத்து, பாக்கலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பி, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். பின்னால் பொத்தான்கள் தட்டும் சத்தம் கேட்டது. நீளமான சொல்தான் போலிருக்கிறது. சத்தம் நின்றதும் திரும்பினார்.

"பூட்டியாச்சா?"

"ஆச்சுங்க மாமா."

"அப்படின்னா உன் தங்கச்சிக்குப் போனைப் போடு. மடி குடுக்க வாரேன்னு நீயே சொல்லிரு. நான் சொன்னா அவ நம்பமாட்டா."