ஜவுளிக்கடையில் சேர்ந்த வக்கீல்

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். கோர்ட்டுக்குப் போனது குறைவு. கம்பெனிகள் சட்டச் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், நான் கருத்துரை எழுதிக் கொடுப்பேன். 'செய்யலாம்' என்று ஒரு வரி எழுதினால், அதன் பின்னால் 'எனினும்' என்று மூன்று பக்கம் எழுத வேண்டும். நாளைக்கு யாரும் நம் சட்டையைப் பிடிக்கக் கூடாது அல்லவா?

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் அம்மா மொட்டைமாடியில் வடகம் போடப் போகும்போது, "இன்னிக்கு மழை வருமாடி?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு வராதுன்னு எடுத்துக்கலாம்மா. ஆனா அதை நம்பி நீ வடகம் போட்டா அதுக்கு நான் பொறுப்பில்லை."

"உன்னைக் கேட்டதுக்கு அந்தக் காக்காவைக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா படியேறினாள்.

வேலை அலுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. கருத்துரை போன பிறகு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. இடைவேளையோடு தியேட்டரை விட்டு வெளியே வந்த மாதிரி இருக்கும். அப்போதுதான் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குக் கம்ப்ளையன்ஸ் அதிகாரி வேண்டும் என்று கேள்விப்பட்டேன். சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று கடைக்குள்ளிருந்தே பார்த்துக்கொள்ளும் வேலை.

என் சீனியரிடம் சொன்னபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நன்னா யோசிச்சுதான் சொல்றியா? வக்கீல்னா வெளியில இருந்து சொல்லிட்டுப் போயிடலாம். உள்ள போயிட்டா நீதான் செஞ்சு காட்டணும்."

"அதுக்காகத்தான் சார் போறேன்" என்றேன்.

எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் அடுக்ககத்தில் கம்ப்ளையன்ஸ் என்ற சொல் இரண்டு மாடி இறங்குவதற்குள் கம்ப்ளைன்ட் ஆகிவிட்டது. கீழ்வீட்டு மாமி மறுநாளே ஒரு பையோடு வந்து நின்றாள்.

"நீ ஜவுளிக்கடையில கம்ப்ளைன்ட் டிபார்ட்மென்டாமே. இந்த வேஷ்டியில கரை சாயம் போறது. எங்காத்துக்காரர் கத்திண்டிருக்கார்."

"மாமி, இது வேற கடையில வாங்கினது."

"அதனால என்னடி, நீ சொன்னா கேப்பா."

கடையின் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் முதலில் கையில் எடுத்தது உட்காரும் விஷயம். கடையில் நின்றபடி வேலை செய்கிறவர்கள் உட்காரவும் வசதி செய்து தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் கடைப் பெண்கள் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்கள். பழைய பழக்கத்தில் பக்கம் பக்கமாக ஒரு குறிப்பு எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

அவர் அதன் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். "யம்மா, இம்புட்டையும் யாரு படிக்க? செய்யணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

'எனினும்' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "செய்யணும் அண்ணாச்சி."

"அப்பம் செஞ்சிருங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த வாரமே எல்லா மாடிகளுக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். சீனியருக்கு ஃபோன் செய்து பெருமையடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புடவை மாடிக்குப் போனேன். எல்லா ஸ்டூலிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். மனைவி புடவை பார்க்கும்போது சும்மா நிற்கும் கணவர்கள்! ஒருவர் மடியில் மூன்று பைகளை வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். இன்னொருவர், என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம், ரொம்ப நல்ல ஏற்பாடு. வருஷக்கணக்கா வர்றோம், இப்பதான் எங்களை நெனச்சுப் பாத்திருக்கீங்க" என்று மனமுருகிச் சொன்னார்.

சைதாப்பேட்டையிலிருந்து வரும் விற்பனைப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஸ்டூலு சோக்காத்தான் கீது மேடம். ஆனா எப்பவும் எவனாவது ஒரு ஊட்டுக்காரன் குந்திகினு கீறான்" என்றாள்.

மாடி சூப்பர்வைசருக்குக் கொண்டாட்டம். அவர் அண்ணாச்சியின் ஊர்க்காரர், கடை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். "நான் அன்னைக்கே சொன்னம்லா மேடம்? யாவாரம் நடக்குத இடத்துல உக்காந்தா லெச்சுமி எந்திரிச்சுப் போயிருவா."

"லட்சுமியே படத்துல உக்காந்துதானே இருக்கா?" என்றேன். அவர் கல்லாவுக்கு மேலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கலைந்து கிடந்த புடவைகளை மடிக்கப் போய்விட்டார்.

ஆனால் அவர் வாயை அடைத்தால் போதாது, இங்கே வேலை நடக்க வேண்டும். தச்சரை வரவழைத்து, விற்பனை மேசைகளுக்கு உட்புறம், வாடிக்கையாளர் கால் வைக்க முடியாத பக்கத்தில், உட்கார மடக்குப் பலகைகள் அடிக்கச் சொன்னேன். கணவர்களுக்கு லிஃப்ட் பக்கத்தில் இரண்டு பெஞ்சு போட்டோம். அவர்கள் நன்றியோடு இடம் மாறினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை மட்டும் எழுப்ப வேண்டியிருந்தது.

அப்படியும் பெண்கள் உட்காரவில்லை. சூப்பர்வைசரின் முறைப்புக்குப் பயம். அண்ணாச்சியிடம் போய், "பலகை அடிச்சா மட்டும் சட்டம் முடியாது அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கி வந்தார்.

"ஏட்டி பிள்ளையளா, ஆள் இல்லாதப்பம் உக்காருங்க. ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ."

யாரும் அசையவில்லை. சைதாப்பேட்டைப் பெண்தான் முதலில் பலகையை இறக்கி, அது தாங்குமா என்று அழுத்திப் பார்த்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த எந்தக் கருத்துரைக்கும் பிறகு இப்படி ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. வக்கீலாயிற்றே, பலகை ஆணிகளைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம் அந்த மாடி வழியாகப் போனேன். தூணுக்குப் பின்னால் சூப்பர்வைசர் ஒரு பலகையில் உட்கார்ந்து, நரம்பு புடைத்த காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். என் காலடிச் சத்தத்தில் பதறி எழப் போனார். நான் பக்கத்திலிருந்த புடவை ஒன்றின் விலைச்சீட்டை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினேன்.

"அந்தக் கலரு உங்களுக்கு எடுக்காது மேடம்" என்றார், மறுபடி நன்றாகச் சாய்ந்துகொண்டு.