கறுப்பா, கடும் நீலமா

அந்தக் கோட்டு கறுப்பா, கடும் நீலமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என் கணவர், இவருடைய பிறந்தநாளுக்குக் கறுப்பு வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது. கடை முழுக்க டியூப் லைட். யாழ்ப்பாணத்துப் புடவைக் கடைகளில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நிறம் பார்க்க அதை வாசலுக்கு வெளியே, வெயிலுக்குக் கொண்டுபோனேன். ஓகூஸ் நகரத்துக் கடைக்காரர் அதைக் களவு என்றார். பொலிஸ் வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. டென்மார்க்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வதிவிட அனுமதியும் கைக்கு வரவில்லை. வழக்கில் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

டேனிஷ் வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஓர் அமெரிக்கர் இருந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைத்தார். அவருடைய ஊரில் நீதிபதியும் தேர்தலில் நிற்பாராம். போஸ்டர் அடிக்கப் பணம் கொடுப்பது பெரிய கடைக்காரர்களாம். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி ஆள் போடுவாராம், போட்டவர் சாகும்வரை இருக்கலாமாம். "பணக்காரனுக்கும் ஒரு வாக்கு, எனக்கும் ஒரு வாக்கு. ஆனால் நீதிபதி அவனுக்குத்தான் தெரிந்தவர்" என்றார்.

அன்றிலிருந்து இவரைக் குடைந்தெடுத்தேன். "உந்த நீதவானை ஆரப்பா போட்டது? கடைக்காரன்ரை காசோ?"

"எனக்கென்ன தெரியும்? சும்மா இருமப்பா."

வழக்கு நாளில் நீதிபதியின் இரண்டு பக்கமும் சாதாரண ஸ்வெட்டரோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பஸ் ஓட்டுகிறவர், மற்றவர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற அம்மா. அவர்கள் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட ஊர்ச்சனம், தீர்ப்பில் நீதிபதிக்கு இருக்கிற அதே வாக்கு அவர்களுக்கும் இருக்கிறது, இங்கே யாரும் தேர்தலில் நின்று வருவதில்லை என்று அரசு தந்த வழக்கறிஞர் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அந்தச் சமையல்கார அம்மா நீதிபதியிடம் கேட்டுக்கொண்டு எழும்பி, மேசையில் கிடந்த கோட்டை எடுத்தார். யன்னலடிக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெளியே பார்த்தபோது உங்களுக்கு என்ன நிறமாகத் தெரிந்தது?"

"நீலம். கறுப்பெண்டால் அங்கேயே விட்டிட்டு வந்திருப்பன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அவர் தலையாட்டினார். "மேசையில் எனக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தது."

என்னை விடுதலை செய்தார்கள். அப்பாடா என்று இருந்தது. நீதிமன்றப் படியில் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். அன்று இவர் மூன்றுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த வகுப்பில் அமெரிக்கர் எல்லாவற்றையும் விபரமாகக் கேட்டார். அந்த அம்மா யன்னலடிக்குப் போனதை மட்டும் திரும்பவும் சொல்லச் சொன்னார். அவருடைய தம்பியும் ஊரில் ஒரு களவு வழக்கில் மாட்டினானாம். இப்படிச் சாதாரண ஆட்களைக் கொண்ட ஜூரி அங்கேயும் உண்டாம், ஆனால் பிணைக்குக் காசில்லாதவன் வழக்கு வரும்வரை உள்ளே கிடக்க வேண்டுமாம். வேலை போய்விடும் என்று பயந்து, செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டானாம், அதோடு விசாரணையே நடக்கவில்லையாம்.

"உன்னிடம் என்ன நிறம் என்றாவது கேட்டார்கள்" என்றார். "அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை."