கடல்தேவதைக்கு நான் போட்ட துணி

அமெரிக்காவில் டாலஸ் பக்கத்து ஆலன் நகருக்கு வந்த புதிதில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். ஊரில் ஓவியக் கல்லூரியில் படித்திருந்தேன். அதனால் அவர் ஆபீஸ் போனபின் டாலஸில் இருந்த ஓர் அருங்காட்சியகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் ரொக்கோகோ பாணியில் எண்ணெய் ஓவியம் ஒன்று. டால்பின்கள் இழுக்கும் சிப்பித் தேரில் கடல்தேவதை ஒருத்தி சாய்ந்திருப்பாள். இடுப்புக்கு மேலே துணி கிடையாது. நான் பார்த்துக்கொண்டே நின்றது அவள் தோலை. ஈரமும் வெயிலும் ஒன்றாக அதில் இருந்தன.

அதைப் பார்த்து வீட்டில் ஒரு பிரதி வரையத் தொடங்கினேன். அடியில் மங்கிய பச்சை பூசி, அது காய்ந்தபின் ரோஜா நிறத்தை மெல்லிசாக ஏற்ற வேண்டும் என்பது பிடிபடவே மூன்று மாதம் ஆனது. எட்டாவது மாதம் முடித்து, ஹாலில் மாட்டினேன். இந்த நாட்டில் நான் செய்த முதல் காரியம் அது.

அடுத்த மாதம் மாமனாரும் மாமியாரும் வருவதாக முடிவானது.

"அம்மா அப்பா இருக்கிறப்ப இது ஹால்ல வேணாம்" என்றார் கணவர்.

"கழட்டி உள்ள வச்சிடறேன்."

"எதுக்குக் கழட்டணும்? மேல ஒரு டிரஸ் மாதிரி பெயிண்ட் பண்ணிடு. உனக்கு அரை மணி நேர வேலை."

மறுநாள் காலை நீலத்தைக் குழைத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை மூடினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வந்த இரண்டாம் நாள் மாமியார் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நீ வரைஞ்சதாம்மா? முகம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இந்தத் துணி மட்டும் ஒட்டவே இல்லையே. எதுக்குப் போட்ட? நம்ம கோயில் தூண்ல இருக்கிறதெல்லாம் ஜாக்கெட் போட்டுக்கிட்டா நிக்குது?"

கணவர் சிரித்தார். "அவதான்மா, ஏதோ பண்ணிட்டா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் டர்பன்டைனில் ஒரு கந்தலை நனைத்து நீலத்தைத் துடைத்தேன். நீலத்தோடு ரோஜா நிறமும் வந்துவிட்டது. அடியிலிருந்த பச்சை, அழுகின உடம்பு மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. விடாமல் துடைத்தேன். கடைசியில் வெறும் கித்தான்தான் மிஞ்சியது.

"விடு, இன்னொண்ணு வரைஞ்சிக்கலாம்" என்றார் கணவர்.

வரையவில்லை. பிறகு அனுமதி வந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போகிறேன். அவர் மேல் இருந்த கோபம் காலப்போக்கில் மங்கிவிட்டது. "முடியாது" என்று சொல்லியிருந்தால் அவர் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒருநாளுக்குப் பயந்து நானே அவளை அழித்தேன். அந்தப் பழியை மட்டும் என்னால் யார் மேலும் போட முடியவில்லை.