எதிர் வீடு வாங்கிய ருதைனா

ருதைனா புருஷனோடு சண்டை போட்டு ஓடினாள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பொறாமைக்காரியா என்றால், ஆமாம். ஓடுகாலி இல்லை.

ஜோர்டானின் அம்மான் நகரில் ஒரே கட்டடத்தில் அவளும் ஓரகத்தி சவ்ஸனும் மேலும் கீழுமாக வீடு வாங்கினார்கள். ருதைனா சாதாரண வங்கியில், ஏறி இறங்கும் வட்டிக்குக் கடன் எடுத்தாள். சவ்ஸன் போனது இஸ்லாமிய வங்கிக்கு. அந்த வங்கியே வீட்டை வாங்கி, லாபம் வைத்து அவளுக்கு விற்றது. சொன்ன விலை கடைசிவரை மாறாது.

"வட்டிய லாபம்னு சொன்னா இனிக்குமாடி? என்னைவிட நீதான் ஜாஸ்தி கட்டுற!" என்று ருதைனா படியில் நின்று சிரித்தாள்.

"என் நிம்மதிக்கு நான் கட்டுறேன், போக்கா."

பிறகு அமெரிக்காவில் வட்டியை ஏற்றினார்கள். நம் தினார் டாலரோடு முடிச்சுப் போட்டது. அங்கே ஏறினால் இங்கே மத்திய வங்கியும் ஏற்றியாக வேண்டும். ருதைனாவின் தவணை ஏறிக்கொண்டே போனது. சவ்ஸனுக்கு ஒரு காசு ஏறவில்லை. நோன்பு மாதத்தில் கீழேயிருந்து கத்தாயிஃப் இனிப்பு பொரிக்கும் வாசனை வந்தால் ருதைனா ஜன்னலைச் சாத்துவாள். சவ்ஸன் தட்டு நிறைய அனுப்பினாள். அந்தத் தட்டை இவள் வெறுந்தட்டாகத் திருப்பினாள். வந்த தட்டில் ஏதாவது வைத்துத் திருப்புவதுதானே முறை? முகத்தில் துப்பியிருந்தாலும் சவ்ஸனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஏறினது இறங்கும், கொஞ்சம் பொறு," என்றான் புருஷன் முனீஃப். கேட்டாளா? மேல் வீட்டை விற்றுக் கடனை அடைத்தாள். அதே கட்டடத்தில், கீழே சவ்ஸனுக்கு எதிர் வீட்டையே, சவ்ஸனின் வங்கியிலேயே வாங்கப் போனாள்.

"அவங்க வாங்கினப்ப வட்டி கம்மிக்கா. எங்க லாபமும் அதப் பாத்துதான். இப்ப உச்சத்துல இருக்கு. அப்புறம் இறங்குனாலும் உங்க விலை இறங்காது," என்றான் வங்கிக்காரப் பையன்.

"அவளுக்கு மாறாதுன்னா எனக்கும் மாற வேணாம். கொடு, கையெழுத்துப் போடுறேன்!"

ஒன்றிரண்டு வருஷத்தில் வட்டி இறங்கியது. ருதைனாவின் பழைய வீட்டை வட்டிக் கடனில் வாங்கியவள் தவணை குறைந்ததென்று புதுத் திரைச்சீலை மாட்டினாள். கீழே ருதைனாவோ உச்சத்து விலையைக் கட்ட முடியாமல் வளையல்களைக் கழற்றினாள். எதிரே பார்த்தாலும் எரிச்சல், மேலே பார்த்தாலும் எரிச்சல். வங்கி பிடுங்குவதற்குள் தானே விற்றுவிட முடிவெடுத்தாள்.

வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றிய அன்று சவ்ஸன் வழியை மறித்தாள். "இங்கயே இருந்துடுக்கா. மாசாமாசம் நான் கொஞ்சம் தர்றேன்."

"உன் காசுல உன் எதிர்லயே உக்காந்து நான் எப்படிடி சோறு திங்கிறது?" என்றாள் ருதைனா. முனீஃபின் கையைப் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள்.