கட்டுத்தீனியா, மேய்ச்சலா?

‘புதன். லேசான மழை. எருமை வரவில்லை.’ போன வாரம் என் டைரியில் உள்ள குறிப்பு இவ்வளவுதான். வியாழனுக்கும் அதே வரி, மழையைத் தவிர.

ரிச்சர்ட்ஸ் டவுனில் என் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் ஆட்டோ டிரைவர் வேலுவின் எருமை அது. பால் வற்றிவிட்டது. கறிக்கு அனுப்பச் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச வயதும் தாண்டிவிட்டது. இனி சதை பிடிக்க வேண்டும், விற்க வேண்டும் — அவ்வளவுதான் பாக்கி. காலையில் அவிழ்த்துவிடுவார். தெருத்தெருவாக மேய்ந்து, நான் காபி குடிக்கிற நேரத்துக்கு என் கேட்டில் வந்து நிற்கும். வாழைப்பழத் தோல், கேரட் தோல்... இருப்பதைக் கொடுப்பேன். பெயர் மட்டும் வைக்கவில்லை. விற்கிற உருப்படிக்குப் பெயர் கூடாது என்பது வேலுவின் கண்டிஷன்.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் டொரண்டோவில். என்னைத் தேடித் தினமும் வந்தது அது ஒன்றுதான். டெலிவரி பையன்களைச் சேர்க்கவில்லை... அவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

சனிக்கிழமை ஆட்டோ ஸ்டாண்டில் வேலுவைப் பிடித்தேன்.

“ஊருக்கு வெளிய, கொத்தனூர் தாண்டி மச்சான் ஷெட்ல கட்டிட்டேன் அங்கிள். ரோட்ல நடந்து நடந்து சதையே புடிக்கல. கட்டிப்போட்டு சோளத்தட்டு, தவிடு வச்சா சீக்கிரம் எடை ஏறும். கிறிஸ்மஸுக்கு வித்துத் தள்ளிடலாம்.”

நான் விடவில்லை. படித்ததையெல்லாம் இறக்கினேன். தட்டு விலை ஏறுகிறது. தண்ணீர் டேங்கர் வாங்க வேண்டும். சாணி அள்ள ஆள் வேண்டும். மேய்ச்சலில் தீனிச் செலவே இல்லை. மெதுவாக ஏறினாலும் ஏறுவதெல்லாம் லாபம்தானே?

நான் ஒன்றும் சைவமில்லை. ஞாயிறு மதியம் என் வீட்டிலும் மாட்டுக்கறிதான். எருமையைக் காப்பாற்ற வாதாடவில்லை. கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான்.

வேலு பொறுமையாகக் கேட்டார்.

“மேய்ச்சல்னா புல்லு வோணும் அங்கிள். இங்க புல்லு எங்க கீது? பிளாஸ்டிக் கவரைத் தின்னு வயிறு ஊதிச்சுன்னா டாக்டருக்கு யாரு குடுப்பா? போன மாசம் பஸ்ல அடிபட இருந்துச்சு. அதெல்லாம் உங்க கணக்குல வரல.”

“வரலதான்.”

“உங்க கணக்குல ஒரே ஐட்டம்தான் கரெக்ட்டா கீது. உங்க வூட்டு வாழப்பழத் தோலு.”

பக்கத்து ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வேலு சொன்னதுதான் சரி. புல் இல்லாத ஊரில் கட்டுத்தீனிதான் கட்டுப்படியாகும். நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, வேளைக்குத் தீனி உண்டு. யோசித்தால் நானும் அப்படித்தானே இருக்கிறேன்? சாப்பாடு வாசலுக்கே வருகிறது. எடையும் ஏறுகிறது. ஆனால் மேய்ச்சல் என்பது வயிற்றுக்கு மட்டுமா? போகிற வழியில் யார் கேட்டிலாவது கொஞ்ச நேரம் நிற்பது... அதை வரவில் எழுதுவதா, செலவிலா?

நேற்று வேலு போன் செய்தார். எடை ஏறுகிறதாம்.

“ஆனா காலைல தீனி வச்சா ஒடனே வாய் வைக்காதாம் அங்கிள். ரோட்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிக்குதாம். மச்சான் சொன்னான்.”

மச்சான்தான் சொன்னாரா, எனக்காக வேலுவே சொன்னாரா, தெரியாது. டைரியில் எழுதிக்கொண்டேன். பக்கத்திலேயே, ‘இன்னும் சரிபார்க்கவில்லை’.